சோமிக்கு இரண்டு வேட்டு

மாச்சய்யா சுட்ட இரண்டு குண்டுகளும் வாசற்படியைத் தாண்டவில்லை. முன்கதவு நிலைக்கு நேராக, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், நான்கு விரல் இடைவெளி விட்டு, காற்றிலேயே நின்றுவிட்டன. அந்த வருஷம் மிளகு கிலோ முன்னூற்று எண்பதுக்குப் போனது, முந்தின வருஷத்தைவிட நாற்பது குறைவு. தோரக்கேரியில் அந்த பிப்ரவரி மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள். விலையை முதலில், குண்டைப் பிறகு.

அந்த வருஷம் மிளகுத் திருடர் பயம் இருந்தது. மேலத் தோட்டத்தில் இரண்டு மூட்டை காணாமல் போனதுதான் ஆரம்பம். அந்த இரண்டு மூட்டையையும் தோட்ட முதலாளியின் சொந்த மகனே மைசூருக்குக் கொண்டுபோய் விற்றான் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அதற்குள் சந்தேகம் ஊர் முழுக்க வேர்விட்டிருந்தது, பிடுங்க முடியவில்லை. தோட்ட முதலாளிகள் கூடிப் பேசினார்கள். எல்லா வீட்டிலும் துப்பாக்கியில் தோட்டா போட்டே வைப்பது என்று முடிவானது. குடகில் அந்த முதலாளிகளின் பூர்வீகக் குடும்பங்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை. செப்டம்பரில் வரும் தங்கள் ஆயுத பூஜைக்குக் குழல் முனையில் செங்காந்தள் பூவைச் செருகிக் கும்பிடுவார்கள், மற்ற நாட்களில் குடையோடு குடையாகச் சுவரில் மாட்டியிருக்கும். தோட்டக் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் முடிவுகள் எடுக்கப்பட்டன, அவர்களைக் கேட்காமல். கடைக்குப் போகும்போது பையை உதறிக் காட்ட வேண்டும். வேலை விட்டு வரும் பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். மிளகு காயும் களத்துப் பக்கம் யாரும் வரக்கூடாது. பல தலைமுறையாக அந்த மிளகைப் பறித்துக் கொடுத்தவர்கள், லைனில் குடியிருந்த எரவர் பழங்குடிகள். பறித்தது அவர்கள் என்பதாலேயே திருடியதும் அவர்களாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

மாச்சய்யா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், வயது ஐம்பத்தெட்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் முன்கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தொடை மேல் வைத்துக்கொண்டு கண்ணயர்வார். காட்டுப்பன்றிக்கு வைக்கும் ஒற்றை ஈயக்குண்டுத் தோட்டா இரண்டு குழலிலும் இருக்கும். சம்பவம் நடந்த புதன்கிழமை மூன்று மணிக்கு மனைவி தேச்சம்மா வீட்டில் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. பின்னால் வெயில், முகம் இருட்டு. ஏதோ பேச்சு நடந்தது. பிறகு வேட்டு, இன்னொரு வேட்டு.

வந்து நின்றவள் சோமி. லைனில் மூன்றாவது வீடு, முப்பத்தெட்டு வயது, நாலடி பத்து அங்குல உயரம். ஊருக்கு இது பத்து நாள் தெரியாது. அவள் வந்தது தன்னுடைய அட்டைகளைக் கேட்க. லைன்காரர்கள் எல்லோருடைய ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டு அட்டை எல்லாவற்றையும் மாச்சய்யா தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கியது. அட்டை கையில் இல்லாதவர் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சோமியின் மகள் லீலா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த லைனில் அவ்வளவு தூரம் படித்தது அவள்தான் முதல். ஜூனில் விராஜ்பேட்டைக் கல்லூரியில் சேர்ந்து இலவச விடுதியில் இடம் பிடிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தாயின் அட்டைகள் வேண்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பஞ்சாயத்து அலுவலகத்தில் முகாம். லைன்காரர்கள் வழக்கமாக வரும் பின்வாசல் பக்கம் களம் நிறைய மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு போனால் திருட வந்தாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் சோமி வீட்டைச் சுற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, முன்வாசலுக்கு வந்தாள். நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோன இரண்டு குண்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்னால் நகர்ந்து, வந்த வழியே போய், விட்ட இடத்திலிருந்து காபி பறிக்க ஆரம்பித்தாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அட்டைகள் இன்னும் அலமாரியில்தான் இருந்தன.

மாச்சய்யா வெளியே வந்து பார்ப்பதற்குள் பள்ளத்தாக்கு முழுக்க அவருடைய வீட்டை நோக்கிக் கிளம்பிவிட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு வேட்டு. பெண் குழந்தை பிறந்தால் வெண்கலத் தட்டைத் தட்டுவார்கள், அது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டால் பெரிது. எனவே இரண்டு வேட்டு கேட்டதும் வயலில் நின்றவர்கள் கால் கழுவினார்கள். பெண்கள் வெள்ளைச் சேலையை எடுத்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நான்கு வீட்டில் கஞ்சி கொதித்தது. நான்கு மணிக்கு மாச்சய்யாவின் முற்றத்தில் நூற்றுப் பத்துப் பேர் வெள்ளை உடுத்தி நின்றார்கள். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்த குடும்பத்துக்குத் தலைவரான தம்மய்யா கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாருப்பா போனது? தேச்சம்மாவா?"

"யாரும் போகலண்ணா."

"அப்ப ரெண்டு வேட்டு?"

"திருடன் வந்தான். சுட்டேன்."

"சரி, திருடன் எங்க?"

"காணோம்."

"குண்டு?"

மாச்சய்யா கதவைக் காட்டினார். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்றார். கஞ்சிப் பானையைத் தலையில் சுமந்து வந்த ஒரு கிழவி, "அப்ப இத நான் திரும்பத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். சாவுக்கென்று வந்தவர்கள் சாவு இல்லாமல் திரும்பிப் போன வழக்கம் இல்லை. கல்யாணப் புடவையோடு வந்து இறங்கிய தேச்சம்மா முற்றத்தில் அத்தனை வெள்ளையைப் பார்த்து, செத்தது புருஷன் என்று நினைத்து அழ ஆரம்பித்தாள். அவரை உயிரோடு பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு நாயைத் தேடினாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"இது குரைச்சுதா?"

"ஞாபகம் இல்ல" என்றார் மாச்சய்யா.

"தெரியாத ஆளு வந்தா இது ஊரக் கூட்டிடும். குரைக்கலன்னா தெரிஞ்ச ஆளு."

அவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவராகத் துப்பாக்கியைத் துடைத்து அவள் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு லைனிலிருந்து ஆள் வரும். அன்றிலிருந்து தேச்சம்மா புருஷனுக்குக் காபி கொடுக்கும்போதெல்லாம் டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்தாள்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். குண்டுகளைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இடுக்கியால் இழுத்தார். பிறகு கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தார். கயிறு அறுந்தது, ஜீப்பின் பம்பர் கழன்றது. ரத்தம் இல்லை, களவு போன பொருள் இல்லை, ஆள் இல்லை. சுட்டதைக் குற்றமென்று எழுத வேண்டுமானால் குண்டு எங்காவது பட்டிருக்க வேண்டும் என்றார். திருட வந்தவனைப் பிடிப்பது அப்படியில்லை, அதற்கு ஒன்றும் பட்டிருக்க வேண்டியதில்லை. குண்டு நிற்கும் உயரத்துக்கு எவன் நெஞ்சு சரியாக வருகிறதோ அவன்தான் திருடன் என்று முடிவுசெய்து, லைன் ஆண்களை வரிசையாகக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். ஆண்கள் பெரும்பாலோருக்கு வயிற்றில் வந்தது. இரண்டு நாள் அளந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லாரியில் ஏற்றிவந்து நிறுத்தினார்கள். லைனில் ஒருவரை ஒருவர் அடிக்கண்ணால் அளக்கத் தொடங்கினார்கள். குள்ளமாக இருந்தவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். தோட்ட முதலாளிகள் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை. பெண்களையும் நிறுத்தவில்லை, திருட்டு என்பது ஆம்பளை வேலை என்று எல்லோரும் நம்பியதால். கடைசியில் சோமியின் தம்பி மாரனை நிறுத்தியபோது, அவன் பயத்தில் குறுகி நின்றதில், குண்டு இரண்டும் கிட்டத்தட்ட நெஞ்சுக்கு வந்தன. "நேரா நில்லுடா" என்று யாரும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள்.

தம்மய்யாவின் கவலை வேறு. வேட்டு திரும்பி வராது. குடும்பத்தின் பெயரில் ஒரு சாவு பள்ளத்தாக்குக்கு அறிவிக்கப்பட்டாகிவிட்டது, அந்தச் சாவுக்கு ஒரு பெயர் வைத்து பதினோராம் நாள் சடங்கு செய்யாவிட்டால் அந்தக் குடும்பத்தில் ஒரு நல்ல காரியமும் செய்ய முடியாது. மாச்சய்யாவின் மகளுக்கு ஏப்ரலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை போன் செய்து, செத்தது யார் என்று மரியாதையாக விசாரித்துவிட்டார்கள். எனவே தம்மய்யா ஸ்டேஷனுக்குப் போய் மாரனிடம் பேசினார். கூடவே போன சோமி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பெருசா இல்லடா. நீ செத்துட்டேன்னு ஒரு வார்த்த ஒத்துக்கோ. பேருக்குத்தான். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். பதினோரு நாளும் நல்ல சாப்பாடு."

"செத்தா வேலைக்கு வர வேணாமாங்கய்யா?"

"அதெப்படி? வேலைக்கு வரணும்."

"ரேஷன் குடுப்பாங்களா?"

தம்மய்யா சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். செத்தவனுக்கு ரேஷன் கிடையாது என்றார் அவர். ஆனால் சாகாவிட்டால் திருட்டுக் கேஸ், குறைந்தது மூன்று வருஷம் என்பதையும் சொல்லிவைத்தார். மாரன் யோசிக்கப் பத்தாம் நாள் வரைக்கும் நேரம் கேட்டான். வெளியே வந்த தம்மய்யா சோமியைப் பார்த்து, "உன் தம்பிக்குப் புத்தி சொல்லு" என்றார்.

சோமி ஒன்பது நாளும் காபி பறித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். நான்தான் என்று சொன்னால் அட்டை போகும், மகளின் படிப்பு போகும், லைன் வீடு போகும். சொல்லாவிட்டால் தம்பி போவான், திருடனாகவோ பிணமாகவோ. லீலா பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் புத்தகத்தை மூடினாள்.

"நீதானே?"

"என்னடி?"

"அன்னைக்கு அட்டை வாங்கிட்டு வரேன்னு போன. வெறுங்கையோட வந்த. அதப்பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல. நீ இவ்வளவு நாள் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

"வாய மூடு. யார் காதுலயாவது விழும்."

"மாமாவக் கொன்னுட்டு வாங்கற அட்டைய வெச்சு நான் காலேஜ் போகமாட்டேன். சொல்லிட்டேன்."

பத்தாம் நாள் முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். மறுபடியும் எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள், இந்த முறை கஞ்சியை யாரும் முன்கூட்டிக் காய்ச்சவில்லை. மாரனை ஜீப்பிலிருந்து இறக்கி நடுவில் நிறுத்தினார்கள். தம்மய்யா தொண்டையைச் செருமினார். மாரன் வாயைத் திறப்பதற்குள் சோமி லைனிலிருந்து மேடேறி வந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வாசலுக்குப் போனாள்.

"அவன் இல்ல. நான்."

"ஏய், பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேல? போ அந்தப் பக்கம்" என்றார் தம்மய்யா.

"இருநூறு ஆம்பளைய நிறுத்தி அளந்தீங்களே, எங்கள்ல ஒருத்தியையாவது நிறுத்துனீங்களா? இப்ப பாருங்க."

படி ஏறி, அன்று நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றாள். பத்து நாளாகச் சில்லிட்டுக் கிடந்த குண்டுகள், கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைப் போல் நடுங்க ஆரம்பித்தன. முன்வரிசையில் நின்றவர்களுக்கு முகத்தில் அனல் அடித்தது. ஒரு சாண் தூரம் மெல்ல நகர்ந்து வந்து, சோமியின் ரவிக்கையில் இரண்டு பழுப்பு வட்டங்களைப் பொசுக்கிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே போய் நின்றன. துணி கருகிய வாசனை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அட்ட வாங்க வந்தேன்" என்றாள் சோமி. "வாசல்ல நின்னு கூப்பிட்டேன். யாருன்னு கேட்டாரு. நான்தான் ஐயா, சோமின்னேன். சோமியான்னு திருப்பிக் கேட்டாரு. ஆமாங்கய்யான்னேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு வெடியும்."

தேச்சம்மா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மாச்சய்யா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"முன்வாசல்ல வந்து நின்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

அதை அவர் ஒரு நியாயமாகத்தான் சொன்னார். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே நியாயம் இருந்தது. ஆனால் நூற்றுப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகக் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. சிலர் செருப்பைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு இளவட்டம், "லைன்காரிக்கு நம்ம குடும்பத்துல சடங்கா? குடும்பத்தாளுக்குத்தானே ரெண்டு வேட்டு?" என்றான்.

"சுட்டது நானாடா?" என்று தம்மய்யா கம்பைத் தரையில் அடித்தார். "ரெண்டு வேட்டு குடும்பத்தாளுக்குத்தான். இவளுக்கு ரெண்டு வேட்டு போட்டாச்சு. அப்ப இவ யாரு? அத உன் மாச்சு மாமாகிட்ட கேளு." பிறகு சோமியின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "என்னம்மா சொல்ற?" என்றார். அந்த முற்றத்தில் அவளை ஒருவர் அம்மா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"ஊருக்குச் செத்துக்கறேன். சர்க்காருக்குச் சாக மாட்டேன். ரேஷன் வேணும். அவரு அத எழுதக்கூடாது" என்று சப்-இன்ஸ்பெக்டரைக் காட்டினாள். "மாரன விடணும். அப்புறம், செத்தவங்க சாமான வீட்டுல வெச்சுக்கக் கூடாதுன்னு உங்க வழக்கம்தானே? எடுத்துக் குடுத்துருங்க."

அது வழக்கம்தான். தேச்சம்மா உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். லைன்காரர்கள் எல்லோருடைய அட்டைகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. எது யாருடையது என்று பிரிக்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை, அல்லது பிரிக்க விருப்பம் இருக்கவில்லை. டப்பாவோடு கொண்டுவந்து சோமியின் கையில் கொடுத்தாள். மாச்சய்யா, "தேச்சு" என்றார். அவள், "நீங்க பேசாதீங்க" என்றாள். அன்று சாயங்காலம் லைனில் நாற்பத்து மூன்று பேர் தங்கள் முகத்தைத் தாங்களே அட்டையில் பார்த்தார்கள். சிலர் அதில் இருந்ததைவிடக் கிழடாகிப் போயிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் பதினொரு குடும்பம் வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களை யாரும் பையை உதறச் சொல்லவில்லை, பறிக்க ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் சோமிக்குப் பதினோராம் நாள் சடங்கு முறைப்படி நடந்தது. சுட்டவர் என்ற முறையில் மாச்சய்யா தலையை மழித்துக்கொண்டார். செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லிப் பாடும் பெண்களுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாததால், களத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த சோமியிடமே வந்து கேட்டார்கள். எங்கே பிறந்தாள், எந்த வயதில் நாற்று நட்டாள், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர்கள் ஒவ்வொன்றாகப் பாடினார்கள். மூன்று பிள்ளைகளில் ஒன்றுதான் தங்கியது என்ற இடத்தில் பாடியவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "இத ஏண்டி எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். "யாரு கேட்டா?" என்றாள் சோமி.

ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்காகப் பக்கச் சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார்கள். பழைய பட்டாள நண்பர்கள் வந்து குண்டுகளை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள், ரம்பம்தான் தேய்ந்தது. மழைக்காலத்தில் இடப்பக்கத்துக் குண்டின் மேல் ஒரு குளவி மண்கூடு கட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும்போது, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை மூடினார். லீலா அடுத்த முகாமில் சான்றிதழ் வாங்கினாள், கல்லூரியில் சேர்ந்தாள், விடுதியில் இடம் கிடைத்தது. சோமி விராஜ்பேட்டையில் ஒரு ஓட்டலில் மாவரைக்கும் வேலைக்குப் போய், ஒற்றை அறை எடுத்துக்கொண்டாள். தேச்சம்மா புருஷனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு முறை கூடத்துக்கு வரும்போதும், உள்ளே காலை வைப்பதற்கு முன்னால், "நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் சொல்வாள்.

அந்தக் குடும்பத்தில் வருஷத்துக்கு ஒருமுறை செத்தவர்களுக்குப் படைப்பார்கள். ஆளுக்கு ஒரு இலை, இலையில் பன்றிக்கறி, கடம்பிட்டு எனும் அரிசி உருண்டை, பக்கத்தில் ஒரு டம்ளர் சாராயம். படைத்துவிட்டு அந்த அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். மற்ற முன்னோர்கள் எப்போது வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சோமிக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பார்கள், அவள் இரண்டரை மணி பஸ்ஸில் வருவாள். முன்வாசலில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் குண்டுகளை ஒட்டி உள்ளே நுழைந்து, தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். இறந்தவருக்கு அவரைக் கடைசியாகப் பார்த்தவர்தான் பரிமாற வேண்டும் என்பதால் மாச்சய்யா பரிமாறுவார். போன வருஷம் சோமி ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, கறியில் புளிப்புப் போதவில்லை என்றாள். மாச்சய்யா சமையலறைக்குப் போய்ப் புளிச் சாற்றுப் புட்டியை எடுத்துவந்து, குனிந்து, அவள் போதும் என்று சொல்லும் வரை ஊற்றினார். அவள் உடனே சொல்லவில்லை. திரும்பிப் போக நாலரை மணி பஸ்தான், இன்னும் நேரம் இருந்தது.